பீரோவில் இருக்கும் இலைகளை முதலில் கடலூர் பார்க்கட்டும்

கேள்வி: வணக்கம் மேடம். கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறேன். வயது 51. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்பு நின்றுவிட்டேன். அதன் பிறகு இலை, பூ காயவைத்து அட்டையில் ஒட்டிப் படம் செய்வது, துணியில் இலை அச்சு எடுப்பது, கொட்டாங்குச்சியில் கிண்ணம், விளக்கு செய்வது என்று ஆரம்பித்து இப்போது ஒரு பீரோ நிறைய சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் "நல்லா இருக்கு, எனக்கு ஒண்ணு குடு" என்று எடுத்துப் போகிறார்கள், விலை யாரும் கேட்டதில்லை. பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கொடுத்து வைத்தேன், மூன்று மாதம் கழித்துப் போனால் வெயிலில் வெளுத்துப்போனதைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன மழைக்கு நிறைய படங்களில் வெள்ளையாகப் பூஞ்சை வந்துவிட்டது. எனக்கு ஒரு கண்காட்சி வைக்க ஆசை. ஓவியப் படிப்பு கிடையாது. எங்கே வைப்பது, எப்படி வைப்பது, என்ன விலை சொல்வது? அண்ணன் மகள் "இன்ஸ்டாகிராமில் போடுங்க அத்தை, அதுவே போதும்" என்கிறாள். தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் கேட்கிறார்கள். துணி அச்சு துவைத்தால் போய்விடுகிறது. பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போய் சுரபுன்னைக் காய் எடுத்து வந்து ஏதாவது செய்யலாமா? நவராத்திரிக்கு நான் கொலு வைக்கிறவள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டாங்குச்சி விளக்கும் ரோஜா இதழ் வாழ்த்து அட்டையும் சுத்தமான வேலை, ஆனால் அதே மாதிரி பொருளை எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் பார்த்துவிடலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்த அடம்பங்கொடியைத் துண்டில் அச்சு எடுத்திருக்கிறீர்களே, அது; துளிரிலிருந்து சருகு வரை ஒரே பூவரச மரத்தின் இலைகளை வரிசையாக ஒட்டியது; அப்புறம் அந்த முந்திரி இலைப் படம். இந்த மூன்றையும் பார்த்தவுடனே இது கடலூர்ப் பக்கத்துக்காரர் கை வேலை என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் கண்காட்சி இந்த மூன்றிலிருந்துதான் கிளம்ப வேண்டும், மற்றதெல்லாம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

பாண்டிச்சேரிக்கு அப்புறம் போகலாம், முதல் கண்காட்சியைக் கடலூரிலேயே வையுங்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகப் பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலைக்கோ ஒயிட் டவுன் என்கிற வெள்ளையர் நகரத்துக்கோ போகத்தான் வழி கேட்கிறார்கள். அங்கே வருகிறவர் பெரும்பாலும் ஊர் சுற்ற வந்தவர், பைக்குள் அடங்குகிற, உடையாத, ஊருக்குத் திரும்பி யாருக்காவது கொடுக்கிற ஒரு சின்னப் பொருளைத் தேடுகிறார், உங்கள் இலையின் பெயர் அவருக்குத் தெரியாது. அதோடு அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் ஓடிக்கொண்டிருக்கிற ஊர் அது, கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக்கூடம் 1971-ல் வந்தது, ஆரோவில்லில் இருந்து வரும் பொருட்கள் வேறு. அத்தனை வருடம் பழகிய வேலைக்குப் பக்கத்தில் முதல் நாளே போய் நின்றால் உங்கள் வேலையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்துபோவீர்கள், அது தேவையில்லாத சோர்வு. கடலூரில் ஒருவர் உங்கள் படத்தின் முன்னால் நின்றால் "இது எங்க கொல்லையில கிடக்கிற பூவரசு இல்ல? இதுல பீப்பி செஞ்சு ஊதுவோமே" என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுதான் உங்களுக்கு இப்போது வேண்டும். எந்தப் படத்தின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், எதை ஒரு பார்வையோடு தாண்டிப் போகிறார்கள் என்பதை அறிமுகமானவர்கள் நடுவில்தான் சரியாகக் கவனிக்க முடியும்.

எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில். அதிர்ச்சி அடைய வேண்டாம், வீட்டுக் கூடத்தைப் பத்து நாள் கண்காட்சியாக்கி, தெருவையே அழைத்து, வந்தவர்களுக்குச் சுண்டலும் தாம்பூலமும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. நவராத்திரிக்கு நீங்கள் கொலு வைக்கிறவர் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் படிகளுக்குப் பக்கத்துச் சுவரைக் காலி செய்து அதில் உங்கள் வேலையை மாட்டுங்கள். கொலுவுக்குக் கீழே பூங்கா வைப்போம் இல்லையா, அந்தப் பூங்காவை பிளாஸ்டிக் புல்லும் பொம்மை மரமும் இல்லாமல், நம் கடற்கரையாகவே செய்யுங்கள்: மணல், காய்ந்த ராவணன் மீசைப் புல்லின் உருண்டை, அடம்பங்கொடி, பனை ஓலையில் செய்த குடிசை, ஒரு தோணி. பண்ருட்டி மண் பொம்மைகளோடு அது அப்படிப் பொருந்தும். கடலூர் மாவட்டத்துக் கைவேலை இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காரும், வருகிற பெண்கள் கட்டாயம் நின்று பார்ப்பார்கள், அவர்கள் மூலமாக அடுத்த தெருவும் வரும்.

படிப்பு இல்லையே என்கிற தயக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பூவரச வரிசையில் இலைகளுக்கு நடுவே விட்டிருக்கிற இடைவெளி படித்து வருகிற விஷயமில்லை, கண்ணில் இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கிறது.

நவராத்திரி முடிந்ததும் அதே படங்களோடு மாவட்ட மைய நூலகத்தில் போய் இரண்டு நாள் இடம் கேட்டுப் பாருங்கள், பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் கேட்கலாம், உங்களுக்குப் பள்ளி அலுவலகப் பழக்கம் இருப்பதால் யாரிடம் பேச வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல கூட்டம் வரும் என்பது உண்மைதான், ஆனால் காகித வேலைக்கு அது ஆகாது. உப்புக் காற்றும் மணலும் ஒரே மாலையில் சட்டத்தின் இடுக்கெல்லாம் புகுந்துவிடும். துணி அச்சும் கொட்டாங்குச்சியும் மட்டும் கொண்டுபோகலாம், அதற்கும் முதலில் மாநகராட்சியில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மாட்டுவது? பதினைந்து, அதற்கு மேல் வேண்டாம். பீரோவில் இருப்பது அத்தனையும் சுவரில் ஏறினால் அது ஜவுளிக்கடை மாதிரி ஆகிவிடும், ஒன்றும் கண்ணில் நிற்காது. படத்தின் நடுப்பகுதி நிற்பவரின் கண் மட்டத்துக்கு வரட்டும், தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குச் சற்றுக் கீழே. நம் வீடுகளில் படத்தை உத்தரத்துக்குப் பக்கத்தில் சாமி படம் மாதிரி மாட்டுகிற பழக்கம் இருக்கிறது, அந்த உயரத்தில் இலை நரம்பு யாருக்குத் தெரியும்? இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தின் அகலம் அளவுக்குச் சுவர் காலியாக இருக்கட்டும். மேசைக்கு வெள்ளை வேட்டி விரித்தால் போதும், பளபளப்புத் துணி வேண்டவே வேண்டாம். தொட்டுப் பார்க்க என்று ஒரு துண்டையும் ஒரு கிண்ணத்தையும் தனியாக வையுங்கள், அப்போது மற்றதைத் தொட மாட்டார்கள்.

ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னச் சீட்டு. அதில் மரத்தின் பெயர் நம் வாய்ப்பேச்சில் எப்படியோ அப்படி, எந்த இடத்தில் எடுத்தது, எந்த மாதம், விலை. அவ்வளவுதான். "பூவரசு, கெடிலம் ஆற்றங்கரை, சித்திரை" என்று எழுதியிருந்தால் படிக்கிறவர் மனது தானாக அந்தக் கரைக்குப் போய்விடும். உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாசல் பக்கம் இருக்கட்டும், வந்தவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போகட்டும், அடுத்த கண்காட்சிக்கு அழைக்க இதைவிடச் சிறந்த பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது.

சரி, பூஞ்சைக்கு வருகிறேன். இடத்தைவிட இது முக்கியம், ஏனென்றால் வாங்கிப்போனவர் வீட்டில் ஆறு மாதத்தில் பூஞ்சை வந்தால் அந்தத் தெருவில் அடுத்த படம் விற்காது. நம் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காற்றிலேயே ஈரம். இலை காய்ந்துவிட்டது என்று நாம் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறோம், ஆனால் நடு நரம்பிலும் காம்பிலும் ஈரம் மிச்சம் இருக்கும். அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவி, கண்ணாடியை இலை மேல் படுகிற மாதிரி வைத்து, பின்னால் அட்டை போட்டு மூடிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? உங்கள் படங்களில் பூஞ்சை முதலில் வந்திருப்பது காம்பின் ஓரத்தில்தான், பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது.

இலையை மழை பெய்த மறுநாளோ விடியற்காலையிலோ எடுக்காதீர்கள், பனி உலர்ந்த பிறகு பத்து மணி வாக்கில் எடுங்கள். நடு நரம்பு தடிமனாக இருந்தால் பின்பக்கம் பிளேடால் மெல்லச் சீவிவிடுங்கள். அச்சகங்களில் மிஞ்சுகிற அச்சிடாத நியூஸ்பிரின்ட் தாள் கிடைத்தால் அதில் வையுங்கள், செய்தித்தாள் மை வெளிர் நிறப் பூக்களில் ஒட்டிக்கொள்ளும். மேலே கனம் ஏற்றிவிட்டு மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற காரியம். முதல் ஒரு வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும், ஈரத்தை உறிஞ்சிய தாள் அந்த ஈரத்தை இலைக்கே திருப்பிக் கொடுக்கும். இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். ஒரு காம்பை வளைத்துப் பாருங்கள், சட்டென்று சத்தத்தோடு ஒடிந்தால் தயார், வளைந்து கொடுத்தால் இன்னும் வைக்க வேண்டும். பசையில் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் தொட்டு, இலையின் நடுவிலும் ஓரங்களிலும் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். ஒட்டிய பிறகும் ஒரு நாள் கனத்தின் கீழ் இருக்கட்டும்.

சட்டம் போடுபவரிடம் மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடிக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள், அது அழகுக்காக மட்டும் இல்லை, கண்ணாடியில் வேர்க்கிற நீர் இலையில் படாமல் இருக்கத்தான். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும், மழைச் சாரல் அடிக்கிற சுவரில் இது பெரிய உதவி. காய்ந்த இலைகளைச் சேர்த்து வைக்க இறுக்கமான எவர்சில்வர் டப்பாவும் உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பூச்சிக்கு வசம்புத் துண்டு போடுங்கள், ஓலைச்சுவடி வைத்திருந்த வீடுகளில் அதைத்தான் போட்டார்கள். பூஞ்சை வந்த படங்களைத் துடைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், இலையை எடுத்து எறிந்துவிட்டு சட்டத்தையும் கண்ணாடியையும் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். மனசு வராதுதான், ஆனால் நல்ல இலைகளோடு அதை வைத்தால் அவையும் போய்விடும்.

இதெல்லாம் படித்து இலை வேலை நிலைக்காதோ என்று பயந்துவிடாதீர்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கிற சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதுவும் இலைதான், இருப்பதும் இதே கடற்காற்றில்தான். கவனித்தால் நிற்கும்.

வெளுப்பது வேறு பிரச்சினை. இலையின் பச்சை வெளிச்சத்தில் நிற்காது, நீங்கள் எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் மெல்லப் பழுப்பாகும், கடைக்காரர் கண்ணாடி ஜன்னலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். அதனால் என் யோசனை, பச்சையை நம்பாதீர்கள். தானாக உதிர்ந்து, நிறம் மாறி முடித்துவிட்ட இலைகளை எடுங்கள். நாட்டு வாதுமை இலை செக்கச்செவேல் என்று உதிர்ந்து தெருவில் கிடக்கும், அதுவும் நாளடைவில் மங்கும், ஆனால் பச்சை பழுப்பாகிற மாதிரி ஏமாற்றம் தராது. இன்னும் உறுதியானது அரச இலையின் நரம்பு வலை. வாளித் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, நடுவில் தண்ணீரை மாற்றி, சதை கொழகொழவென்று ஆனதும் பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுத்தால் வலை மட்டும் நிற்கும். நாற்றம் அடிக்கும், மாடியில் வையுங்கள். அதில் வெளுப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை, கறுப்புத் தாளின் மேல் ஒட்டினால் அந்த ஒரு இலையே சுவரை நிறைக்கும்.

துணி அச்சில் உங்கள் கை நன்றாகத் திருந்தியிருக்கிறது, ஆனால் துவைத்தால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துணியைத் தயார் செய்யாமல் நேராக இலையை வைத்து அடிப்பதால் வருவது அது. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், முதலில் அது போகிற வரைக்கும் சுடுதண்ணீரில் துவையுங்கள். பிறகு 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். அதன் மேல் 10 முதல் 15 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஒரு தடவை ஊறவைத்து மறுபடியும் நிழலில் காயவையுங்கள். கடுக்காய் போட்டதால் துணி லேசான மஞ்சள் ஆகும், அது அழகாகவே இருக்கும். இலையின் அடிப்பக்கம் துணியில் படுகிற மாதிரி வைத்து, மேலே ஒரு தாள் போட்டு, மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சீராகத் தட்டுங்கள். இரண்டு நாள் விட்டுவிட்டு அலசுங்கள், சலவைத் தூள் வேண்டாம். தேக்கின் இளந்துளிர் கிடைத்தால் விடாதீர்கள், பச்சை இலை சிவப்புச் சாறு விடும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் ஓடிவிடும், விற்கிற துணிக்கு வேண்டாம். நீலம் வேண்டுமானால் அவுரிதான். பழைய தென்னாற்காட்டில் விளைந்த செடி அது, 19ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியில் அவுரி தோய்த்த பருத்தித் துணி 'கினே' என்ற பெயரில் செனகல் வரை கப்பலேறியது. நம் பக்கத்துக் கைக்குச் சொந்தமான நிறம். அதை வீட்டில் கற்க நாளாகும், அதனால் இந்த வருடக் கண்காட்சிக்குக் கடுக்காயும் படிகாரமும் போதும். எவ்வளவு செய்தாலும் இலைச் சாயம் வருடங்களில் மாறும். "தனியாக அலசவும், நிழலில் உலர்த்தவும், நிறம் மெல்ல மாறும்" என்று சீட்டில் எழுதிவிடுங்கள், எழுதி விற்றால் யாரும் திரும்ப வந்து சண்டை போட மாட்டார்கள்.

எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் தயவுசெய்து கவனமாக இருங்கள். பிச்சாவரம் போய் சுரபுன்னைக் காய் எடுத்து வந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது காப்புக்காடு, அங்கே மரத்திலிருந்து எதையும் பறிக்கக் கூடாது. அதே சதுப்பில் இருக்கிற தில்லை மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் கொடுத்த மரம் என்று ஆசையாக ஒரு கிளை ஒடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். முந்திரி இலை சரி, முந்திரிக்கொட்டையின் மேல் ஓட்டை மட்டும் கைவேலைக்கு எடுக்காதீர்கள், அதன் எண்ணெய் கையை வேக வைத்துவிடும், பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடற்கரையில் பவளத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, ஆமை ஓடு இவை கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்து விற்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சில வகைச் சங்கு, சிப்பிகளுக்கும் இது பொருந்தும். எது எந்த வகை என்று பிரித்துத் தெரியாதபோது சிப்பி வேலையையே விட்டுவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். உங்கள் பலம் இலையில் இருக்கிறது. தையிலிருந்து பங்குனி வரை நம் கரைக்கு முட்டையிட வருகிற ஆமைகளுக்கு அந்தக் கொடிகள் படர்ந்த மணல்மேடும் வேண்டும், அதனால் அடம்பங்கொடியை வேரோடு இழுக்காமல் நுனியில் நாலு இலை கிள்ளிக்கொள்ளுங்கள்.

விலை. ஒரு உதாரணம் போடுகிறேன், உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் படத்துக்குச் சட்டமும் கண்ணாடியும் 180 ரூபாய், மவுண்டும் தாளும் 50, பசை, உறை, பை 20, ஆக 250. உங்கள் நேரம் இரண்டு மணி, மணிக்கு 100 என்று வைத்தால் 200. வீணாகிற இலைக்கும் ஆட்டோவுக்கும் 50. மொத்தம் 500. இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டிய தொகை. நாளைக்கு ஒரு கடையில் வைத்தால் கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு கேட்பது சகஜம், அப்போது 500-க்கு விற்றால் உங்களுக்கு மிஞ்சுவது 330 சொச்சம், அதில் பொருளுக்கும் ஆட்டோவுக்கும் போனது போக உங்கள் இரண்டு மணி நேரம் ஏறக்குறைய இலவசம். அதனால் சீட்டில் 750 என்று எழுதுங்கள், வீட்டிலும் அதே விலை, கடையிலும் அதே விலை. வீட்டில் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் உங்களை நம்ப மாட்டார். 750 கொடுக்க முடியாதவர்களும் வருவார்கள், அவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம், இலை ஒட்டிய புத்தகக் குறி அட்டைகளை 40 ரூபாய்க்கு ஒரு தட்டில் வையுங்கள்.

"எனக்கு ஒண்ணு குடு" என்கிற உறவுகளிடம் மனம் கோணாமல் சொல்லலாம்: "கொலு முடியட்டும் அண்ணி, அதுவரைக்கும் எல்லாம் சுவத்துல இருக்கணும்." சுவரில் விலைச் சீட்டோடு பத்து நாள் தொங்கிய பொருளை அதன் பிறகு யாரும் சும்மா கேட்பதில்லை. கேட்டாலும், நீங்கள் மனதார விரும்புகிறவருக்குக் கொடுங்கள், அது உங்கள் உரிமை.

பாண்டிச்சேரிக் கடையில் நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இனி எங்கே வைத்தாலும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் வைக்காதீர்கள்: எத்தனை பொருள், என்ன விலை, கடைக்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதிக்குள், சேதமானால் யார் பொறுப்பு, நேர் வெயில் படாத இடம். மாதம் ஒரு முறை போய் நீங்களே பாருங்கள். இப்படி எழுதக் கேட்டால் முகம் சுளிக்கிற கடை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த வருடம் பாண்டிச்சேரிக்குப் போகும்போது எங்கே என்றால், நீங்கள் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியிலேயே அரியாங்குப்பம் தாண்டினதும் முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம் இருக்கிறது, ஒரு நாள் இறங்கி நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். கடற்கரையில் காந்தி சிலை அருகே காந்தி திடலிலும் கைவினைக் கடைகள் உண்டு. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உங்கள் பொருளுக்கு இடமில்லை, அங்கே வருகிறவர்கள் மலிவு பார்த்து வருகிறார்கள், பேரம் பேசியே உங்களைக் களைக்க வைத்துவிடுவார்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, இரண்டு ஊருக்கும் போய்ச் செய்கிறவர்களைப் பாருங்கள். வில்லியனூரில் ஒரு குயவர் ஒத்துக்கொண்டால் ஈரக் களிமண் பலகையில் இலையை அழுத்தி எடுத்து அவர் சூளையிலேயே சுட்டு வாங்கலாம், பூஞ்சையும் வராது, வெளுக்கவும் செய்யாது. அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க வேண்டுமானால் மத்திய ஜவுளி அமைச்சகம் தருகிற கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வையுங்கள், சிறு, குறுந்தொழில் செய்கிறவர்களுக்கான உத்யம் பதிவும் செய்துகொள்ளலாம், அது இலவசம், பணம் கேட்கிற இடைத்தரகரிடம் போக வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுவில் நீங்கள் இருந்தால் குழு வழியாகவும் மாவட்ட அளவில் விற்பனைக் கண்காட்சிகளுக்குக் கேட்கலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக் கேட்கிறார்களே, கண்டிப்பாகச் செய்யுங்கள், எனக்கு இதுதான் உங்கள் கடிதத்திலேயே பிடித்த வரி. ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், சுத்தியல் எடுக்கிற வேலையில் விரல்கள் நசுங்கும். முதல் அரை மணி நேரம் வீட்டுக்குள் உட்காராமல் தெருவில் நடத்திக் கூட்டிப்போய் உதிர்ந்த இலை பொறுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு இலைக்கும் பெயர் கேளுங்கள். தெரியாததைப் பாட்டியிடம் கேட்டு வரட்டும். எருக்கு, அரளி, கள்ளி பக்கம் போகவிடாதீர்கள், பால் கண்ணில் படும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணியை அழகாக இருக்கிறது என்று மாலையில் கோக்கக் கொடுக்காதீர்கள், கடித்தால் கடும் விஷம். அவர்கள் செய்ததையும் கொலு சமயத்தில் உங்கள் சுவரின் கீழ்வரிசையில், அவர்கள் கண் மட்டத்தில் மாட்டுங்கள். பிள்ளை செய்ததைப் பார்க்க அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் வருவார்கள், கூட்டத்துக்கு நீங்கள் வேறு விளம்பரம் தேட வேண்டாம்.

அண்ணன் மகள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவளையே படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுத்தால் நிறம் சரியாக வரும். ஆனால் அதுவே போதும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போனில் விரலால் தள்ளிவிட்டுப் போகிற நேரத்தில் அரச இலை நரம்பை யாரும் பார்க்கப்போவதில்லை, அதன் முன்னால் ஆள் நிற்க வேண்டும். கூடத்துக்கு ஆள் வரவழைக்க இன்ஸ்டாகிராம் பயன்படட்டும்.

இப்போது வைகாசி நடக்கிறது, உங்களுக்கு நேரம் நல்ல நேரம். ஆனி முடிகிற வரை காயவைக்க நல்ல வெயில் இருக்கும், இலை எல்லாவற்றையும் அதற்குள் எடுத்துக் காயவைத்துவிடுங்கள், அரச இலையை இந்த வாரமே வாளியில் போடுங்கள். ஆடியில் துணி, ஆவணியில் சட்டம். சட்டத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் பதினைந்தையும் தரையில் பரப்பி மேலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை எடுத்துவிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம், சட்டச் செலவாவது மிஞ்சும்.